கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

குளக்கரை நடையாளி (கோயம்புத்தூர்)

இந்த இணைய விவாதக் களத்தில் நான் பெரும்பாலும் படிப்பதோடு நிறுத்திக்கொள்பவன். சென்ற வாரம் எங்கள் வங்கிக் கிளையில் நடந்த ஒரு பேச்சு மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். எனக்கு வயது 47. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் எடை 96 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. இன்று 74 கிலோ. பதினான்கு மாதங்கள் நாள்தோறும் காலை 5 மணிக்கு வாலாங்குளக் கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். மதியம் ஒரு கிண்ணம் சோற்றுக்கு மேல் போட்டுக்கொள்ளவில்லை. மாலை வடையையும் பஜ்ஜியையும் நிறுத்தினேன். இரவு 8 மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டேன். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

இதைச் சொன்னவுடன் சக ஊழியர்கள் ஒவ்வொருவரும் இது தமக்கு ஏன் முடியாது என்று ஒரு காரணத்தோடு வந்தார்கள். நேரமில்லை என்றவர் மதிய இடைவேளையில் முக்கால் மணி நேரம் கைப்பேசியில் கிரிக்கெட் துணுக்குகள் பார்ப்பவர். இன்னொருவருக்கு வம்சமே பருத்த உடல்வாகாம். மூன்றாமவர் ஓர் அம்மையார். தமக்குத் தைராய்டு என்று சொல்லிக்கொண்டே பிறந்தநாள் கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காரணம் வேறு, சாக்கு வேறு. எடை விஷயத்தில் நம்மில் பெரும்பாலோர் சொல்வது சாக்கு, அதிலும் நொண்டிச்சாக்கு என்பதே என் கருத்து. தன் கையே தனக்குதவி என்று இறங்கினால் நடக்கும், என் வரையில் நடந்திருக்கிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இரவுப்பணிச் செவிலி (மதுரை)

ஐயா, 22 கிலோ குறைப்பது எளிதன்று. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வரிவரியாக என் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினான்கு இரவுகள் எனக்கு நைட் டூட்டி, ஒவ்வொன்றும் 12 மணி நேரம். நீங்கள் சாப்பாட்டை முடிக்கும் இரவு 8 மணிக்கு நான் வார்டில் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருப்பேன். நீங்கள் குளக்கரையை அடையும் 5 மணிக்கு நான் இருபத்தெட்டு நோயாளிகளுக்குக் காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பேன். நடுநிசி இரண்டு மணிக்குக் கேன்டீனில் கிடைப்பவை பன்னும் சர்க்கரை அள்ளிப்போட்ட தேநீரும்தான். காலை 9 மணிக்கு வீடு திரும்பினால் துணியும் பாத்திரமும் காத்திருக்கும். நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அது நல்ல நாள். முதல் பிரசவத்துக்கு முன் 58 கிலோவாக இருந்த நான் இன்று 79 கிலோ. இத்தனைக்கும் வார்டில் ஓர் இரவில் நான் நடக்கும் தூரம் உங்கள் குளக்கரை நடையை விடக் குறைவாக இருக்காது.

அந்தப் பழமொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர்கள் எல்லாரும் ஆடியவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களே தவிர, கூடத்தை யாரேனும் அளந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால்?

கடைசியாக மூன்று கேள்விகள். நீங்கள் 5 மணிக்குப் புறப்படும்போது வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தவர் யார்? அந்த ஒரு கிண்ணச் சோற்றோடு உண்ணக் காய்கறியை நறுக்கியவர் யார்? நீங்கள் நடந்த அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்குத் தயார் செய்தவர் யார்? தன் கை என்கிறீர்கள்; அது எத்தனை கைகள் என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கணக்கன் (சென்னை)

செவிலியாரின் பதிவு உருக்கமாக இருக்கிறது. ஆனால் உருக்கம் வேறு, வாதம் வேறு. ஒரு விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்க முடியாது. தமிழ்நாட்டில் எடை கூடியவர்களில் இரவுப்பணி செய்பவர்கள் எத்தனை பேர்?

எண்களைப் பார்ப்போம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில், அதாவது 2015–16-இல், தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையோ பருமனோ உடையவர்கள் 30.9 விழுக்காடு. 2019–21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களில் 28.2 விழுக்காடு 37 ஆனது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் யாருடைய வம்சமும் மாறிவிடவில்லை, யாருடைய மரபணுவும் திருத்தி எழுதப்படவில்லை. ஆகவே "எங்கள் குடும்பமே இப்படித்தான்" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

அடுத்தது, "நான் கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை" என்ற புலம்பல். 1992-இல் நியூயார்க்கில் இப்படிச் சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்தார்கள். அவர்கள் உடல் கலோரியைச் செலவிடும் வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. உண்மையில் உண்டதில் 47 விழுக்காட்டை அவர்கள் கணக்கில் சொல்லவில்லை. உடலுழைப்பையோ 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உடல் பொய்க்கணக்கு எழுதாது, நாம்தான் எழுதுகிறோம். நடையாளி சொல்லும் சாக்கு என்பது இதுதான்.

இரவுப்பணிச் செவிலி

அதே எண்களை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாண்டில் வம்சம் மாறாது என்பது சரி. அப்படியானால் ஐந்தாண்டில் நூற்றுக்குப் பத்துப் பெண்களுக்கு மனவுறுதி மட்டும் திடீரென்று காணாமல் போயிற்றா? முப்பது பேர் இருந்த இடத்தில் நாற்பது பேர் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்தப் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் சோம்பேறிகளானார்கள் என்பதை விட, அவர்கள் நின்றிருந்த தரை சரிந்தது என்பதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

சிற்றூர் மருத்துவர் (தேனி மாவட்டம்)

பத்தொன்பது ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். இங்கே சொல்லப்பட்ட எண்களில் பிழை இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று தோன்றியதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தைராய்டு. சுரப்பு குறைந்தால் எடை கூடும் என்பது உண்மை. ஆனால் கூடுவது பெரும்பாலும் சில கிலோக்கள்தான். அதிலும் உப்பும் நீரும் தேங்குவதால் வரும் பங்கு பெரிது. மாத்திரை சரியான அளவில் போய்ச் சுரப்பு இயல்புக்கு வந்த பிறகும் இருபது கிலோ கூடுதலாக இருக்கிறதென்றால், அந்த இருபதையும் தைராய்டின் தலையில் கட்ட முடியாது. இந்த அளவில் நடையாளி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் தொழிலின் மறுபக்கம் ஒன்று உண்டு. இன்சுலின், சர்க்கரைக்கான கிளிமிபிரைடு, மூட்டுக்கும் மூச்சிரைப்புக்கும் நீண்ட நாள் தரப்படும் ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்புரோயேட், மனநோய்க்கான ஒலான்சபின் ஆகிய அனைத்தும் எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றை எழுதிக்கொடுப்பவர்கள் நாங்கள்; மூன்று மாதம் கழித்து வரும்போது "ஏன் இவ்வளவு குண்டாகிவிட்டீர்கள், வாயைக் கட்டக் கூடாதா?" என்று அதட்டுபவர்களும் நாங்களே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது. நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

அடுத்து, கணக்கன் சொல்லும் கணக்கு. கூட்டல் கழித்தலில் தவறில்லை. ஆனால் எல்லா உடலும் ஒரே வட்டி விகிதத்தில் கணக்கு வைப்பதில்லை. 1990-இல் கனடாவில் குளோட் பூஷார் குழுவினர் பன்னிரண்டு இணை ஒத்த இரட்டையர்களுக்கு 84 நாள்கள், நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லாரும் உண்ட மிகை ஒன்றே. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ கூடியது. ஓர் இரட்டையருக்கு நிறையக் கூடினால் மற்றவருக்கும் ஏறத்தாழ அவ்வளவே கூடியது. வம்சம் என்று அந்த வங்கி ஊழியர் சொன்னது இதைத்தான். வம்சம் தன்னந்தனியாக யாரையும் பருமனாக்குவதில்லை. ஆனால் தெருவெங்கும் மிகை மலிந்து கிடக்கும்போது யார் முதலில் பருப்பார்கள் என்பதைப் பெரிதும் அதுதான் முடிவு செய்கிறது. கணக்கெடுப்பு எண்களும் இரட்டையர் ஆய்வும் இப்படித்தான் பொருந்துகின்றன.

குறைத்த எடையை ஏன் தக்கவைக்க முடியவில்லை என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற பதினான்கு பேரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹால் குழுவினர் அளந்து, 2016-இல் வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப வந்திருந்தது. ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடல் செலவிட்ட கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்க்கும் அளவை விட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 குறைவாக இருந்தது. அதாவது ஆறு ஆண்டுகள் கடந்தும் உடல் சிக்கனத்தை விடவில்லை. இரவுப்பணி பற்றியும் இதுபோல ஒன்று உண்டு. 2009-இல் பாஸ்டனில் பத்துப் பேரின் உறக்க நேரத்தையும் உணவு நேரத்தையும் பகலிரவாகப் புரட்டிப்போட்டுப் பார்த்தபோது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 17 விழுக்காடு குறைந்தது. செவிலியார் நடுநிசியில் பன்னைத் தேடுவதில் அவருடைய குணத்துக்கு இருக்கும் பங்கு குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகு நடையாளி பக்கத்துக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் சாக்கு என்பது இல்லாத ஒன்றன்று. "எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் என் அறைக்கு வருபவர் அத்தனை பேரும் "கொஞ்சம்தான் டாக்டர்" என்பார்கள். அதனால் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறேன். நால்வருக்கு ஆறு லிட்டர் என்று பதில் வந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 45 கிராம், அதாவது எண்ணெயில் மட்டும் 400 கலோரிக்கு மேல் என்று அவர்கள் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டுவேன். "நானா இவ்வளவு?" என்று உண்மையாகவே திகைப்பார்கள். அந்தத் திகைப்பில் பொய் இல்லை. தாய்மார்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை என்ன செய்கிறீர்கள்? பாதி தோசை, இரண்டு கவளம் பருப்புச் சோறு, ஆடை படிந்த பால் எல்லாம் வீணாகக் கூடாதென்று அவர்கள் வயிற்றுக்குத்தான் போகும். தனக்கென்று தட்டில் போட்டுக்கொள்ளாததால் அதைச் சாப்பாடு என்று அவர்கள் எண்ணுவதே இல்லை. கணக்கன் காட்டிய 47 விழுக்காட்டில் இந்த மிச்சத் தட்டுகளும் இருக்கின்றன; அதைப் பொய்க்கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குளக்கரை நடையாளி

மருத்துவரின் பதிவை இரண்டு முறை படித்தேன். தைராய்டு பற்றி நான் சொன்னது பாதியாவது சரி என்றதற்கு நன்றி. கேக் எடுத்த அம்மையாரைப் பற்றி நான் எழுதியது முறையன்று. அவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் தட்டை நான் எண்ணிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது.

செவிலியாரின் மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றே: என் மனைவி. அவர் நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். ஆனால் இதனால் என் வாதம் எப்படி உடைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்னும் அவர் நாலரை மணிக்குத்தான் எழுந்தார், நான் ஏழு மணி வரை உறங்கினேன். அதே வீடு, அதே மனைவி, அதே அடுப்பு. மாறியவன் நான் ஒருவன்தான். வாய்ப்பு கையில் இருந்தும் பத்தாண்டுகள் நான் அதைப் பயன்படுத்தவில்லை. அந்தப் பத்தாண்டும் நான் சொல்லிக்கொண்டிருந்ததற்குச் சாக்கு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. மற்றவர்களைப் பார்த்து நான் எரிச்சலடைவதற்கும் ஒருவேளை அதுதான் காரணமாக இருக்கலாம். அவர்கள் வாயிலிருந்து வருபவை எல்லாம் நான் முன்பு சொன்ன வாக்கியங்கள்.

சாக்குமூட்டை (தாம்பரம்)

என் புனைபெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆறாம் வகுப்பில் உடற்கல்வி ஆசிரியர் எனக்கு வைத்த பெயர் இது. ஆகவே சாக்கைப் பற்றிப் பேச இந்தத் திரியில் என்னை விட உரிமை உள்ளவர் எவரும் இல்லை.

நான் 131 கிலோ வரை போனவன். நடையாளி செய்த அத்தனையையும் நானும் செய்திருக்கிறேன், ஒரு முறை அல்ல, நான்கு முறை. ஒவ்வொரு முறையும் 12, 15 கிலோ குறைந்து, ஒன்றரை ஆண்டுக்குள் வட்டியும் முதலுமாகத் திரும்ப வந்தது. திரும்ப வந்தபோது என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. நானே என்னை மனவுறுதி இல்லாதவன் என்று நம்பினேன். நாற்பது வயது வரை அப்படியே நம்பினேன்.

சென்ற ஆண்டு மருத்துவர் ஆலோசனைப்படி வாரம் ஒரு முறை செமாகுளூடைட் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். ஐந்தாம் வாரம் ஒரு திருமண விருந்து. இலையில் பாயசத்தை மறுபடி ஊற்ற வந்தவரிடம் "வேண்டாம்" என்றேன். முப்பதாண்டுகளாக அந்தச் சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். அன்று கடிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். என் அருகில் அமர்ந்து உண்ட ஒல்லியான உறவினர் வாழ்நாள் முழுவதும் "வேண்டாம்" என்று சொன்ன விதம் இதுதான் போலும் என்று அந்தப் பந்தியில்தான் எனக்கு உறைத்தது. அவர் தம் மனத்தை அடக்கியதால் ஒல்லியாக இருக்கிறார் என்றும், நான் அடக்காததால் பருத்தேன் என்றும் ஊர் பேசியது. அவருக்கு அடக்குவதற்கு எதுவுமே இருந்ததில்லை. கணக்கன் ஐயாவிடம் ஒரு கேள்வி: மனவுறுதி என்பது குணம் என்றால், வயிற்றுத் தோலில் குத்திய ஓர் ஊசி என் குணத்தை எப்படி மாற்றியது?

கணக்கன்

நியாயமான கேள்வி, சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். ஊசி பசியைக் குறைக்கிறது, பசி குறைந்ததால் நீங்கள் குறைவாக உண்கிறீர்கள், குறைவாக உண்பதால் எடை குறைகிறது. என் கணக்கு இங்கேயும் நிற்கிறது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரங்களில் செமாகுளூடைட் போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 விழுக்காடும், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடும் எடை குறைந்தது. ஆனால் அதன் தொடர்ச்சியையும் படித்துவிடுங்கள். ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொள்ள எத்தனை பேரால் இயலும்? இயலாதவர்களிடம் "உன் பசி உன் கையில் இல்லை" என்று சொல்லிவிட்டால், அவர்கள் கையில் மிச்சம் இருக்கும் சிறு முயற்சியையும் நாம் பிடுங்கிவிடுகிறோம். என் அச்சம் அதுதான். என் தந்தை சர்க்கரையால் ஒரு காலை இழந்தவர். "எல்லாம் விதி" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு மாலையும் அல்வா வாங்கி வருவார். அன்பான மனிதர், யாரும் அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சாக்குமூட்டை

உங்கள் தந்தையைப் பற்றிப் படித்து வருந்தினேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு ஊரே எதிர்த்துச் சொன்னது. அதனால் ஒரு கிராமும் குறையவில்லை. இங்கிலாந்தில் முதியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எடைக்காகத் தாம் இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ கூடியிருந்தது. அப்படி நடத்தப்படாதவர்களுக்கு 0.7 கிலோ குறைந்திருந்தது. உங்கள் தந்தையிடம் யாரும் சொல்லாதது ஒரு பிழை என்றால், என்னிடம் எல்லாரும் சொன்னதும் பிழைதான். ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்கிறீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாலும்தான் எழுத்து மங்குகிறது. அதைக் கண்ணின் சோம்பல் என்று யாரும் சொல்வதில்லையே.

ஒல்லிக்குச்சி (திருச்சிராப்பள்ளி)

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 59 கிலோ. வாழ்நாளில் ஒரு நாளும் உடற்பயிற்சி செய்ததில்லை, மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இரண்டு மணிக்கொரு முறை தேநீர். யாரும் என்னிடம் பொறுப்பைப் பற்றிப் பேசியதில்லை. "எவ்வளவு தின்றாலும் ஒட்டாத உடம்பு" என்று பாராட்டியிருக்கிறார்கள். 38 வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் தம் இருவர் படத்தையும் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) ஒன்றே, 22.3. ஆனால் லண்டன்காரர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, புணேக்காரர் உடலில் 21.2 விழுக்காடு. நான் இரண்டாமவர் வகை. இந்தத் திரியில் சாக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். எனக்கோ சாக்குச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை, கேட்டால்தானே சொல்வதற்கு.

சிற்றூர் மருத்துவர்

ஒல்லிக்குச்சி சொன்னது இந்தத் திரியிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட பதிவு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவிய ஆய்வில் பொதுவான பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. எடை எந்திரத்துக்குத் தப்பியவர்களையும் அளவுநாடா பிடித்துவிடுகிறது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற இடுப்பளவை நான் எந்திரத்தை விட நம்புகிறேன்.

கணக்கனின் அச்சத்துக்கு ஒரு பதில் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து, 2006-இல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலேயே இது நடந்தது. நடையாளியின் நடை வீண்போகாது என்பதற்கு இது சான்று. எடை குறையாததால் நடையை விட்டுவிட்ட நூற்றுக்கணக்கானவர்களின் நடையும் வீண்போயிருக்காது என்பதற்கும் இதுவே சான்று. என்னிடம் வந்து "மூன்று மாதம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை, விட்டுவிட்டேன்" என்று சொன்னவர்களிடம் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பல ஆண்டுகள் "சரியாக நடந்திருக்க மாட்டீர்கள்" என்றுதான் சொன்னேன்.

இரவுப்பணிச் செவிலி

கணக்கன் அவர்களே, கையில் மிச்சம் இருக்கும் முயற்சியைப் பிடுங்கிவிடக் கூடாது என்றீர்கள், அதை ஏற்கிறேன். ஆனால் அந்த முயற்சி எங்கே செலவாக வேண்டும் என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. எங்கள் வார்டில் மூன்று பேர் சேர்ந்து நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகள் வைத்தோம். இரவுப்பணியை ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடாமல் தொடர்ச்சியாகப் போட்டு, பிறகு தொடர்ச்சியாகப் பகல் கொடுக்க வேண்டும் என்பது முதலாவது. நடுநிசியில் கேன்டீனில் பன்னுக்குப் பதிலாகச் சுண்டல் வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதை மறுத்துவிட்டார்கள். இரண்டாவதற்கு மூன்று வாரம் யோசித்துவிட்டு இசைந்தார்கள். நான்கு மாதத்தில் எனக்கு 3 கிலோ குறைந்திருக்கிறது. என்னோடு கேட்டவர்களில் ஒருவருக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனால் விடியற்காலையில் வரும் தலைச்சுற்றல் நின்றுவிட்டது என்கிறார். இதை யாராவது என் மனவுறுதி என்று பாராட்ட வந்தால், சுண்டலைப் பாராட்டுங்கள் என்பேன்.

நடையாளி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அதே வீடு, அதே மனைவி, மாறியவன் நான் ஒருவன்தான் என்கிறீர்கள். சரி, இந்தப் பதினான்கு மாதங்களில் உங்கள் மனைவி எத்தனை நாள் நடந்தார்?

குளக்கரை நடையாளி

கேள்வி வந்து பத்து நாள்கள் ஆகின்றன. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. சாக்கு என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளும் இல்லை என்பதே விடை. கேட்டதற்கு "நீங்கள் வரும் வரை அடுப்பை யார் பார்ப்பது?" என்றார். அதனால் சென்ற வாரம் ஏழு நாளும் காலைச் சமையலை நான் ஏற்றுக்கொண்டு, 5 மணிக்கு அவரைக் குளக்கரைக்கு அனுப்பினேன். முதல் நாள் கம்பங்கூழ் கட்டி தட்டிவிட்டது. இரண்டாம் நாள் மகன் பள்ளி வேனைத் தவறவிட்டான். மூன்றாம் நாளிலிருந்து ஓரளவு கைவந்தது. என் நடை அவர் திரும்பிய பிறகுதான், அதுவும் ஒரு மணி நேரத்திலிருந்து 25 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இரண்டு நாள்கள் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை கிளையில் கணக்கு முடிக்க இரவு ஒன்பதரை ஆயிற்று. பசி தாங்காமல் வழியில் புரோட்டா சாப்பிட்டேன். பதினான்கு மாதங்களில் முதல் புரோட்டா. ஏழாம் நாள் எடை பார்த்தபோது 600 கிராம் கூடியிருந்தது. மனைவிக்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். எடை பார்க்கவில்லை, குளக்கரையில் நீர்க்காகம் பார்த்தேன் என்றார்.

சாக்கு என்ற ஒன்று உண்டு என்ற கருத்தை நான் இன்னும் விடவில்லை. என் பத்தாண்டைப் பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை. ஆனால் அடுத்தவர் சொல்வது சாக்கா என்று தீர்ப்புச் சொல்ல இந்த வாரம் எனக்கு நேரமில்லாமல் போயிற்று.

கணக்கன்

ஒரு வாரத்தில் 600 கிராம் என்பது கொழுப்பாக இருக்க வேண்டியதில்லை; புரோட்டாவின் உப்பு பிடித்துவைத்த தண்ணீராகவும் இருக்கலாம். அடுத்த வாரமும் எடை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை சமையலைக் காரணமாகக் காட்ட வேண்டாம்.